வலது ஓரத்து யானை

பாண்டிசெல்வி தோற்றுக்கொண்டிருந்தவரை அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. என்றைக்கு ஜெயிக்க ஆரம்பித்தாளோ அன்றைக்குப் பிடித்தது சனி. ஆனால் சனி பிடிக்கும்போது யாருக்குத் தெரிகிறது? அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் தெரிந்தது. நாற்பத்தாறு வயதில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு விளையாட்டில் ஒருத்தரைத் தோற்கடித்திருக்கிறாள். அந்த ஒருத்தர் கட்டிய புருஷனாகவும் இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா?

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷமாக அவளுக்குத் துணி பார்க்கும் வேலை. செக்கிங் என்று பெயர். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜைமேல் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கும். இழை விட்ட இடம், முடிச்சு விழுந்த இடம், எண்ணெய்க் கறை, எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி, எத்தனையாவது மீட்டர், கரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று எழுதிவைக்க வேண்டும். புண்ணுக்குச் சுற்றுகிற துணி, ஏனோதானோ என்று விட முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று கம்பெனியில் அவளுக்குப் பேர். வீட்டிலும் அப்படித்தான். புருஷன் சட்டையில் ஒரு தையல் பிரிந்திருந்தால் தெருமுனையில் வரும்போதே சொல்லிவிடுவாள்.

புருஷன் காசிராஜன் மில் பஸ் டிரைவர். காலையில் கான்சாபுரம், வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையத்து மில்லுக்குக் கொண்டுவர வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இருபத்திரண்டு வருஷம், நாற்பது பெண்கள், ஒரு கீறல் கிடையாது. அதைச் சொல்லும்போது அவர் தோள் தானாக ஒரு அங்குலம் உயரும். பட்டாளத்தில் சேரப் போய் உயரம் பற்றாமல் திரும்பி வந்த மனுஷன் அவர். அந்த ஏக்கத்தை ஸ்டியரிங்கைப் பிடித்துத் தீர்த்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். “காசி அண்ணன் பஸ்ஸுன்னா கண்ண மூடிட்டு ஏறலாம்” என்பாள் முன்சீட்டில் உட்கார்ந்து வரும் கான்சாபுரத்து மாரியாத்தாள்.

பகலில் பஸ் சும்மா நிற்கும் நேரத்தில் மில் டிரைவர்கள் ஷெட்டில் சீட்டாடக் கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டதால், பல வருஷமாக அங்கே செஸ்தான். அதில் காசிராஜன் பெரிய கை. எட்டு டிரைவர்களையும் வரிசையாக உட்காரவைத்துத் தோற்கடிப்பார். மகளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. டிவியில் அழுகிற பெண்களைப் பார்த்துப் பாண்டிசெல்விக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அந்தப் பலகையத்தான் கொண்டாங்களேன், நானும் படிக்கேன்” என்றாள்.

“ஏட்டி, இது என்ன தாயமா? மண்டை வேணும்ட்டி” என்றார் அவர். சொன்னாலும் மறுநாளே பலகையைக் கொண்டுவந்துவிட்டார்.

முதல் மூன்று மாதம் அவள் ஆடியதை ஆட்டம் என்று சொன்னால் செஸ் கோபித்துக்கொள்ளும். ராணியை முதலில் வெளியே எடுத்துக்கொண்டு ஊர்வலம் போவாள். போன இடத்தில் ஒரு சிப்பாய் காத்திருக்கும். “வாங்கம்மா, உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்று காசிராஜன் ராணியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். ராணி போனதும் அவளுக்கு மூக்கு விடைக்கும். அடுத்த ஆட்டத்தில் ராணியை அசைக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பாள், ராஜா செத்துவிடும். ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் நகர்த்திக் கோட்டை கட்டும் விதியை அவர் ஒளித்துவைத்திருந்து ஒருநாள் சட்டென்று செய்தபோது, கள்ள ஆட்டம் என்று சொல்லிப் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள்.

ஆனால் விடுகிற ஜாதி இல்லை அவள். போனில் தமிழில் செஸ் சொல்லித்தரும் ஒருவரின் வீடியோவைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனுஷன் எல்லா வீடியோவிலும் ஒரே பாட்டைத்தான் படிப்பார். உன் காயைத் தொடுமுன் எதிராளி இப்போது வைத்த காய் எதைப் பார்க்கிறது என்று பார். உன் காய் நிற்கும் கட்டத்தை எத்தனை காய் பார்க்கிறது, காப்பாற்ற எத்தனை காய் இருக்கிறது, எண்ணு. அவ்வளவுதான். ‘பார்க்கிறது’ என்ற அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பார்க்கிற வேலைக்குத்தானே அவளுக்குச் சம்பளமே.

இரண்டாவது, அவளே கண்டுபிடித்தது. கம்பெனியில் குறை எழுதுவதுபோல ஆட்டத்துக்கும் எழுத ஆரம்பித்தாள். ஒரு நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஓர் ஆட்டம். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, தன் காய் சும்மா பறிபோன இடத்தில் ஒரு பெருக்கல் குறி, அவர் காயைத் தான் பறித்த இடத்தில் ஒரு வட்டம். கட்டங்களுக்கு உலகமே ஒத்துக்கொண்ட ஒரு முறை இருக்கிறது, வெள்ளைக்காயின் பக்கமிருந்துதான் பெயர் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கறுப்பு ஆடினாலும் வெள்ளை ஆடினாலும் தான் உட்கார்ந்த இடத்திலிருந்து இடது கரை ஒன்று, வலது கரை எட்டு. துணியை அப்படித்தானே அளப்பது!

புரட்டாசிக்குள் பெருக்கல் குறிகள் குறைந்தன. முன்பு பக்கத்துக்குப் பத்து இருக்கும், இப்போது மூன்று நான்கு. தோல்விதான், ஆனால் நின்று தோற்றாள். காசிராஜன் ஒரு காயை வைக்கக் கால்மணி நேரம் யோசிக்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை இரண்டுபேரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றின்மேல் இருக்கும் பெருமாளைக் கும்பிடப் போனார்கள். நல்ல கூட்டம், நெருப்பு வெயில். மலைப்படி ஏறும்போது பாதியில் காசிராஜன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டுதரம் வாந்தி. ஓரமாக நிழலில் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு, “வெயிலு மண்டைக்கு ஏறிட்டுட்டி, வேற ஒண்ணுமில்ல” என்று எழுந்து மேலே போய்க் கும்பிட்டும் வந்தார். ராத்திரி ஒரு மாத்திரை. திங்கட்கிழமை பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதை அதோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஐப்பசியில்தான் அவள் ஜெயித்தாள். யானையை வலது ஓரத்து வரிசையில் நிறுத்தினாள், நேரே இறக்கினாள், அவருடைய யானையைப் பறித்தாள். அவர் பேசாமல் வேறெங்கோ ஒரு சிப்பாயைத் தள்ளினார். அடுத்து குதிரையையும் பறித்தாள். இன்னும் நாலே நகர்த்தலில் ராஜா மாட்டிக்கொண்டது. காசிராஜன் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஹோவென்று சிரித்தார். மறுநாள் சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை நிறுத்தி அரைக்கிலோ பால்கோவா வாங்கி வந்தார். ஷெட் முழுக்கச் செய்தி பரவியது. “எம் பொண்டாட்டி என்னையே கவுத்திட்டாப்பா” என்று தோற்ற மனுஷனே தம்பட்டம் அடித்தால் பரவாதா?

அடுத்த வாரமும் ஜெயித்தாள். அதற்கடுத்த வாரம் மூன்றுதரம். வலது ஓரத்து யானை அவளுக்கு வசப்பட்டுவிட்டது. வலது கைக்கு வாகாக இருப்பதால்தான் அது பலிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பலிக்கிறதைத்தானே திரும்பத் திரும்பச் செய்வோம்? கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் இதையே பேசிப் பேசிப் பக்கத்துப் பெண்களின் காதைப் புண்ணாக்கினாள்.

கார்த்திகையில் வத்திராயிருப்பில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் காசிராஜன் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, “ஏலே, உப்பு வைக்கலியா? ஊறுகா எங்க?” என்று சத்தம் போட்டார். அவன் இலையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். இடது நுனியில் உப்பும் ஊறுகாயும் ஒரு துண்டு வாழைப்பழமும் வரிசையாக இருந்தன. “வச்சிருக்கேனே அண்ணாச்சி” என்று அவன் விரலால் காட்டியதும் அவர் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் வைக்கான் பாரு, கள்ளப்பய” என்றார். பாண்டிசெல்வியும் சிரித்தாள். சிரித்ததற்காகப் பிற்பாடு தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

ஜெயிக்கிறவளுக்கு வீடு போதவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் செஸ் ஆடுகிறார்கள், பெரியவர்களும் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அங்கே பொறுப்பாக இருந்தவர் ஆவுடையப்பன். கோர்ட்டில் டைப்பிஸ்ட், முப்பத்தைந்து வயது இருக்கும். முதலில் ஒரு நர்ஸம்மாவோடு உட்காரவைத்தார். பாண்டிசெல்வி யானையை வலது ஓரத்தில் நிறுத்தினாள். நர்ஸம்மா அதைப் பார்த்தாள், ஒரு சிப்பாயை முன்னால் வைத்து அடைத்தாள், அவ்வளவுதான் யானை. அடுத்து ஒரு ஜவுளிக்கடைக்காரர். ஆட வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். அவரும் யானையைப் பார்த்தார், மந்திரியால் வெட்டி எடுத்தார். ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி.

“வீட்டுல நாந்தான் ஜெயிக்கேன். அவிய மில்லுல எட்டுப் பேரையும் தோக்கடிக்கிறவிய” என்றாள் ஆவுடையப்பனிடம்.  நோட்டை எடுத்துக் காட்டினாள்.

அவர் நோட்டைத் திருப்பினார். “அக்கா, எழுதுற முறையே தப்பா இருக்கே. வெள்ளைப் பக்கமிருந்துதான் எண்ணணும். கறுப்பு ஆடும்போது நீங்க தலைகீழா எழுதிருக்கீங்க” என்றார். பிறகு ஒரு பக்கத்தில் நின்றார். “இந்த யானையை அவர் ஏன் வெட்டல? சும்மால்ல நிக்கி.”

“பாக்கல போல.”

அடுத்த பக்கம். “இதுலயும் பாக்கலியா?”

அதற்கடுத்த பக்கம். அதிலும் அதே யானை, அதே ஓரம். நோட்டை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, “ஆட்டத்த விடுங்கக்கா. உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

ராஜபாளையம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். ஆட்டத்தைப் பார்க்காமல், துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். புரட்டாசிக்கு முந்தைய பக்கங்களில் அவர் காய் இழந்த வட்டங்கள் மிகவும் குறைவு. இருந்தவையும் மேலும் கீழும் இங்குமங்கும் சிதறிக் கிடந்தன. புரட்டாசிக்குப் பிறகு முப்பத்தோரு ஆட்டம். பக்கத்துக்குப் பக்கம் வட்டங்கள் ஏழிலும் எட்டிலும் அடுக்கி நின்றன. கறுப்போ வெள்ளையோ, எந்தக் காயோ, எல்லாம் அந்த ஒரே கரை. அவளுக்கு வலது கரை என்றால் எதிரில் உட்கார்ந்த மனுஷனுக்கு அது இடது கரை.

பதினேழு வருஷத் தொழில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. குறை அங்கங்கே விழுந்தால் நூல் சரியில்லை என்று அர்த்தம். ஒரே கரையில் மீட்டர் மீட்டராக விழுந்தால் நூலைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை, தறியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டும்.  இத்தனை நாள் தான் செஸ் படித்துத் தேறிவிட்டதாக ஆடிய ஆட்டமென்ன, அளந்த பெருமையென்ன. தேறவெல்லாம் இல்லை. கண் தெரியாத பக்கமாகப் போய்க் கட்டினவரின் காயைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பந்தியில் உப்பு. பேப்பர் படிப்பதை அவர் விட்டது. கேட்டதற்கு, “பாதி பாதியா அச்சடிக்கான், ஒண்ணும் புரிய மாட்டேங்கி” என்றார். போன மாதம் பஸ்ஸின் இடதுபக்கக் கண்ணாடி உடைந்தது, தென்னைமட்டை விழுந்ததாம். பத்து நாள் முன்னால் இடதுபக்கம் நெடுக ஒரு கோடு, எவனோ பைக்கில் வந்து உரசிவிட்டானாம். இருபத்திரண்டு வருஷம் கீறல் விழாத வண்டியில்.

இடதுபக்கம்தான் பெண்கள் நிற்பார்கள். கான்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கில், வத்திராயிருப்பில், ரோட்டோரமாக, தூக்குவாளியோடு, பஸ் நிற்குமுன்னே ஏறத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டு.

அன்று சாயங்காலம் பலகையை அவளே விரித்தாள்.  பத்து நகர்த்தல் போனதும், வேண்டுமென்றே தன் ராணியை எடுத்து வலது ஓரத்துக் கடைசி வரிசையில், அவருடைய யானைக்கு நேர் எதிரில், காவல் எதுவும் இல்லாமல் வைத்தாள். ஒரு சின்னப்பிள்ளைகூட வெட்டி எடுத்துக்கொண்டு குதிக்கும். பாரு, பாரு என்று மனசுக்குள் மன்றாடினாள். என் ராணியை எடுத்துக்கொள், ஆட்டத்தை எடுத்துக்கொள், இனி ஜென்மத்துக்கும் நான் ஜெயிக்க வேண்டாம்.

காசிராஜன் தாடையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். நடுவில் ஒரு குதிரையை நகர்த்தினார்.

அவள் எங்கோ ஒரு சிப்பாயைத் தள்ளினாள். அவர் மறுபடி யோசித்தார். மந்திரியை எடுத்துவைத்தார். ராணி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

“என் ராணி எங்க நிக்கி, சொல்லுங்க பாப்போம்” என்றாள்.

“அத நான் எப்பவோ வெட்டலியா?” என்று மடியைத் தடவிப் பார்த்தார். இல்லை. பலகையைப் பார்த்தார். அவள் விரலை நீட்டியதும் தலையை இடதுபக்கம் திருப்பினார். முகம் சுருங்கியது. “இது எப்ப இங்கன வந்துச்சு? ஏட்டி, நா அசந்த நேரம் மறைச்சு வச்சு வெளையாடுதியா?”

“வச்சப்புறம் நீங்க ரெண்டுதரம் காய நகத்தியாச்சு.”

“பொய் சொல்லாத.”

“நீங்க அந்தப் பக்கம் பாக்கவே இல்லங்க. மூணு மாசமா பாக்கல. மலைக்குப் போயி தல வலிச்சுச்சே, அதுல இருந்து.” அவள் நோட்டை விரித்தாள், வட்டங்களைக் காட்டினாள், பஸ் கண்ணாடி உடைந்ததைச் சொன்னாள், உரசிய கோட்டைச் சொன்னாள். “நாளைக்கு ஒருநா லீவு போடுங்க. மதுரைக்குப் போயி பாத்திட்டு வருவோம். ஒண்ணுமில்லன்னா நாளைக்கழிச்சு ஓட்டுங்க.”

காசிராஜன் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் போட்டார். ஐப்பசியில் மில்லில் நடந்த கண் முகாமில் கொடுத்தது. கடைசி வரிசைப் பொடி எழுத்துவரை படித்துக்காட்டியிருக்கிறார், பார்வை குறைவில்லை என்று எழுதியிருந்தது. “கண்ணு நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கான். நீ துணி பாக்கிறவ எனக்கு டாக்டர் ஆயிட்டியா? நாலு ஆட்டம் ஜெயிச்சதும் தல கிறுகிறுத்துப் போச்சு ஒனக்கு.”

“நேரா இருக்கிறதுதான் தெரியுது ஒங்களுக்கு. ஓரத்துல...”

“ஸ்டியரிங்க விட்டு எறங்கச் சொல்லுத. அதான?” குரல் தாழ்ந்தது. “அதுக்கு என்னைக் கொன்னு போட்டிருக்கலாம்.”

ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.  அவள் மாடிப்படியில் உட்கார்ந்து ஆவுடையப்பனுக்குப் போன் போட்டாள். “கண்ணுல கோளாறு இருக்கணும்னு இல்லக்கா” என்றார் அவர். “எங்க பெரியப்பாவுக்கு வந்துச்சு. மூளைக்குப் போற ரத்தம் ஒரு எடத்துல அடைச்சிருச்சு. ஒரு பக்கம் சுத்தமாத் தெரியாது. கொடுமை என்னன்னா, தெரியலங்கிறதே அவருக்குத் தெரியாது. இல்லாத பக்கத்த எப்படிக்கா தேடுவாங்க? நீங்க மில்லுக்குச் சொல்லிருங்க.”

மில்லுக்கு யாரிடம் சொல்வது? சூப்பர்வைசர் இருளப்பசாமிக்கு இரண்டுதரம் அடித்தாள், அவர் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. என் புருஷனை நான் செஸ்ஸில் ஜெயிக்கிறேன், அதனால் வண்டியைப் பிடுங்குங்கள் என்றா?

காலை எழுந்தபோது பாயில் அவர் இல்லை. குளித்துச் சீருடை போட்டுக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டிருந்தார். பஸ்ஸைத் தெருக்கோடிப் பொட்டலில்தான் நிறுத்துவது. பாண்டிசெல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். கையில் என்னத்துக்கென்று தெரியாமல் அவருடைய டிபன் பாத்திரம்.

மணி ஆறே முக்கால். நன்றாக வெளுத்திருந்தது. பனியும் இல்லை, புழுதியும் இல்லை. அவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாமிபடத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் பஸ்ஸுக்கு முன்னால், இடதுபக்கமாக, பத்தடி தள்ளி வந்து நின்று கையை ஆட்டினாள். அவர் நிமிர்ந்தார். நேரே அவளிருந்த பக்கம்தான் பார்த்தார் என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

கோபம் இன்னும் தீரவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். “என்னங்க! செத்த நேரம் எறங்குங்க!” என்று கத்தினாள். இஞ்சின் உறுமியது. அவர் வலதுபக்கக் கண்ணாடியைப் பார்த்தார், முன்னால் பார்த்தார், வழக்கம்போல ஒருதரம் ஹாரன் அடித்தார். வழியில் யாரும் இல்லாத ரோட்டைப் பார்க்கிற முகம் அது. கோபமே இல்லை அதில். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தான் அங்கே இல்லை. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், பட்டப்பகலில் பத்தடியில் நிற்கிறாள், அவருக்கு அங்கே வெறும் பொட்டல்தான் இருக்கிறது.

பஸ் நகர்ந்தது. விலகி நிற்க அவளுக்கு நேரம் இருந்தது. விலகினால் இன்னும் ஐம்பது நிமிஷத்தில் அந்த பஸ் கான்சாபுரம் விலக்குக்குப் போய்விடும். மாரியாத்தாள் ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டு நிற்பாள்.

பாண்டிசெல்வி விலகவில்லை. டிபன் பாத்திரத்தை ஓங்கி முன்தகட்டில் அடித்தாள். ஒருதரம், இரண்டுதரம். மூன்றாவதுதரம் பாத்திரம் கையை விட்டுப் போனது, பம்பர் அவள் இடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தது, அவள் கையை ஊன்றியபடி விழுந்தாள். மணிக்கட்டில் ஏதோ ஒடிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. பிரேக் கிறீச்சிட்டது. சக்கரம், செருகியது அவிழ்ந்து விழுந்த அவள் புடவைத் தலைப்பின் மேல் ஏறி நின்றது.

காசிராஜன் இறங்கி ஓடிவந்தார். அவளைப் பார்த்ததும் குனிந்து தோளைப் பிடித்தார். “நீ... நீ எங்கருந்துட்டி வந்த?” என்றார்.

“எங்கருந்தும் வரல. இங்கனதான் நின்னேன். நீங்க சாமி கும்பிடும்போது, ஹாரன் அடிக்கும்போது, எல்லாம் இங்கனதான் நின்னு கத்திக்கிட்டு இருந்தேன்.”

எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் மாவுக்கிண்ணத்தோடு எழுந்து நின்று, “ஆமாண்ணே, அக்கா அம்புட்டு நேரமும் ஒங்க முன்னாலதான நின்னுச்சு” என்றாள். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். அதன் இடதுபக்கம் நெடுக ஓடிய கோட்டை, முதல்முறையாகப் பார்ப்பவர்போலத் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சக்கரத்தின் பக்கத்தில் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தோரு வயது ஆள், தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். பாண்டிசெல்வியும் அழுதாள். கை வலித்ததால் இல்லை.

அவருடைய சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கான்சாபுரத்திலிருந்தாக இருக்கும். அவர் அதை எடுக்கவில்லை.

“சாவியக் குடுங்க” என்றாள் அவள், ஒடியாத கையை நீட்டி.

அவர் எழுந்து போய்ச் சாவியை உருவிக்கொண்டு வந்தார். கொடுக்க வேண்டியதுதான், ஆனால் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் அவருடைய இடதுபக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கை காற்றில் துழாவியது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, அவள் கை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.